கடலூரில் குழந்தைகள், குடும்ப நலத் தொண்டு நிறுவனம் நடத்துவது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

அது ஒரு மே மாதம். கடலோரக் கிராமம் ஒன்றில் எங்கள் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண் மூன்று வாரமாக வரவில்லை. அவளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. எங்கள் களப்பணியாளருக்கு அது முதல் வாரமே தெரியும். எனக்குத் தெரிய வந்தபோது பத்திரிகையே அடித்துவிட்டார்கள்.

“ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்று கேட்டேன்.

“போன மாச ரிப்போர்ட்டுல நம்ம ஏரியாவுல குழந்தைக் கல்யாணமே இல்லன்னு எழுதி அனுப்பினோமேக்கா. அதான் நானே வீட்டுல பேசி நிறுத்திடலாம்னு பார்த்தேன்” என்றார்.

மாவட்ட சமூக நல அலுவலகத்திலிருந்தும் காவல் நிலையத்திலிருந்தும் வந்து கல்யாணத்தை நிறுத்தினார்கள். முதல் வாரமே தெரிந்திருந்தால் பெற்றோரிடம் அமைதியாகப் பேசி முடித்திருக்கலாம். தாமதமானதால் ஊரே கூடி வேடிக்கை பார்க்க, அந்தப் பெண் அழுதுகொண்டே நிற்கும்படி ஆயிற்று. களப்பணியாளர் மேல் தப்பு சொல்ல முடியாது. நல்ல செய்தியை மட்டும் கேட்கப் பழகியவளாக நான்தான் இருந்திருக்கிறேன்.

நிறுவனம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கெட்ட செய்தி கடைசிப் பணியாளரிடமிருந்து பொறுப்பில் இருப்பவருக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்கிறது? கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: யாருக்காக என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

“ஏழைக் குழந்தைகளின் முன்னேற்றம்” என்று எழுதினால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. எந்த ஊர், எந்த வயது, என்ன சிக்கல் என்று எழுதுங்கள். கடலூர் ஒரே மாவட்டம் என்றாலும் உள்ளுக்குள் பல உலகங்கள் இருக்கின்றன. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம் பக்கம் கடலை நம்பிய குடும்பங்கள். பண்ருட்டி பக்கம் வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைக்கும் குடும்பங்கள். அங்கே ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போன பிள்ளைகளைப் பார்க்கலாம். உள்பகுதிகளில் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்பிப் போகிறவர்கள். மூன்று இடத்துக்கும் ஒரே திட்டம் ஒத்துவராது.

அப்புறம் ஊர்க் காலண்டர். நிதி தருபவர்களின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். குடும்பங்களின் ஆண்டு வேறு மாதிரி ஓடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில் கையில் காசு இருக்காது, கடன் ஏறும், பள்ளிக்கும் விடுமுறை. பெண் பிள்ளைகளுக்கு நிச்சயம் பேசுவதும், பையன்களை வேலைக்கு அனுப்புவதும் அப்போதுதான் அதிகம் காதில் விழும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, வெள்ளம். ஒரு சுவர்க் காலண்டரை எடுத்து இந்த மாதங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பணியாளர் பயிற்சி, ஆண்டு விழா, நிதியாளர் வருகை எதையும் அந்த வட்டத்துக்குள் வைக்காதீர்கள். அந்த மாதங்களில் எல்லோரும் களத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பதிவும் நிர்வாகக் குழுவும்

வழி மூன்று இருக்கிறது. அறக்கட்டளையாகப் பத்திரம் பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் தொடங்கலாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் இலாப நோக்கற்ற கம்பெனியாகவும் பதியலாம். ஒரு குடும்பத்தின் சொத்தையோ பணத்தையோ வைத்துத் தொடங்கினால் அறக்கட்டளை எளிது. ஊர் மக்கள் சேர்ந்து நடத்துவதென்றால் சங்கம். பெரிய கம்பெனிகளின் நிதியை எதிர்பார்த்தால் மூன்றாவது. புதுச்சேரியில் அலுவலகம் வைத்தால் அங்கே பொருந்துவது தமிழ்நாட்டுச் சங்கச் சட்டம் இல்லை, 1860-ஆம் ஆண்டுச் சட்டம் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த வழியில் பதிந்தாலும் நிர்வாகக் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். கணவர், மைத்துனர், கையெழுத்துக்கு ஒரு நண்பர் என்று குழு அமைத்த நிறுவனங்களில், தலைவர் தவறு செய்யும்போது கேட்க ஆள் இருப்பதில்லை. உறவுக்காரர் அல்லாத ஒரு கணக்காளர், ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை, ஒரு வழக்கறிஞர், நீங்கள் வேலை செய்யும் ஊரிலிருந்தே ஒரு தாய் என்று சேருங்கள். அந்தத் தாய் முதல் இரண்டு கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். மூன்றாவது கூட்டத்தில் அவர் கேட்கும் கேள்வியைப் படித்தவர்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூடுங்கள். நிகழ்ச்சி நிரலில் முதல் வரி கணக்கோ சாதனையோ வேண்டாம். “இந்தக் காலாண்டில் என்ன தப்பாகப் போனது?” என்று வையுங்கள். சொன்னதை மினிட் புத்தகத்தில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: கட்டிடத்துக்கு முன்னால் குடும்பம்

தொண்டு என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஒரு இல்லம். கட்டிடம் கட்டலாம், கல்வெட்டு வைக்கலாம், பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட ஆள் வருவார்கள். ஆனால் இல்லங்களில் இருக்கும் பல பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வறுமைதான் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது.

ஆகவே ஒரு குடும்பம் கதவைத் தட்டும்போது இந்த வரிசையில் யோசியுங்கள். முதலில், பிள்ளை வீட்டிலேயே இருக்க என்ன தேவை? குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கிறது. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் உண்டு. விண்ணப்பம், வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைவதற்குத்தான் அந்தப் பாட்டிக்குத் துணை வேண்டும். ஒரு பணியாளர் நாலு நாள் கூடப் போய் வந்தால் ஒரு பிள்ளை வீட்டிலேயே வளரும். அந்த நாலு நாளைப் புகைப்படம் எடுத்துக் காட்ட முடியாது என்பதால்தான் இந்த வேலைக்கு நிதி கேட்பது சிரமமாக இருக்கிறது. இருந்தாலும் கேளுங்கள்.

வீட்டில் முடியாவிட்டால் உறவினர். அதுவும் இல்லையென்றால் வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது தத்தெடுக்காமல் வேறொரு குடும்பம் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்வது. கடைசியில்தான் இல்லம். தத்துக் கொடுப்பது தனி நடைமுறை. மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் வழியாக நடந்து, மாவட்ட ஆட்சியர் ஆணையிட்டால்தான் செல்லும். “குழந்தை இல்லாதவங்க, நல்ல குடும்பம், நீங்க மனசு வெச்சா போதும்” என்று வருபவரை அன்பாக உட்கார வைத்துச் சட்டத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

இல்லம் நடத்தியே தீர வேண்டும் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் பதிவு கட்டாயம். பதிவு செய்யாமல் நடத்தினால் சிறைத் தண்டனை வரை போகும். வேலைக்குப் போகும் பெண்களுக்கோ பிள்ளைகளுக்கோ விடுதி நடத்தினால் 2014-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு விடுதிகள், இல்லங்கள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். சமையலறை தனியாக, கூரை ஓலை இல்லாமல், வெளியே வர இரண்டு வழிகளோடு இருக்கட்டும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்த மாநிலம் நாம்.

நான்காம் படி: பாதுகாப்பு விதிகளை ஆள் எடுப்பதற்கு முன்பே எழுதுங்கள்

குழந்தைகளோடு வேலை செய்யும் இடத்துக்குக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்ய நினைப்பவரும் வருவார். அவர் பார்க்க மிகவும் அன்பானவராக, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்பவராக இருக்கலாம். இதை மனதில் ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஏற்றுக்கொண்டால்தான் விதி எழுத வரும்.

விதிகள் இரண்டு பக்கம் போதும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளின் படம், பெயர், ஊர் எதுவும் பணியாளரின் சொந்த போனிலோ முகநூலிலோ போகக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டிக்கிறது. அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது. நன்கொடை தருபவரும் நிர்வாகக் குழு உறுப்பினரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். பிறந்தநாள் கேக் வெட்ட வருபவர் பிள்ளையை மடியில் வைத்துப் படம் எடுக்கக் கேட்டால் “இல்லைங்க” என்று சொல்லக் காவலாளிக்கும் அதிகாரம் கொடுங்கள்.

ஒரு சந்தேகம் வந்தால் என்ன செய்வது? இதைச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், துருவிக் கேட்காதீர்கள், அதே வார்த்தையில் எழுதி வையுங்கள், அன்றே காவல் துறைக்குத் தெரிவியுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தகவல் தருவது எல்லோருக்கும் கடமை. மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. “முதல்ல நாமே விசாரிச்சுப் பார்ப்போம்” என்ற ஆசை எல்லா நல்ல மனிதர்களுக்கும் வரும். வேண்டாம். நாம் விசாரிக்கும் நாட்களில் பிள்ளையின் வாயை அடைக்க யாராவது வேலை பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள். நம் பணியாளரைப் பற்றியே நம்மிடம் சொல்லாமல் அவர்கள் அழைக்க முடிய வேண்டும்.

ஐந்தாம் படி: ஆட்கள்

சம்பளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேவை மனப்பான்மை என்ற பெயரில் குறைந்த சம்பளம் கொடுப்பது நிர்வாகத் தோல்வி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறினால், ஒரு பிள்ளை தன் கதையை ஒவ்வொரு புது அக்காவிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது முறை சொல்லாது. சம்பளத் தேதி தவறாதீர்கள். பத்துப் பேர் ஆனால் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தின்படி புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு, இருபது பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதி.

ஆள் எடுக்கும்போது பழைய இடத்துக்கு நீங்களே போன் செய்து, “இவரை மறுபடி குழந்தைகளோடு வேலைக்கு வைப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். பதிலை விட, பதில் வரும் முன் எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்பது முக்கியம். போலீஸ் சரிபார்ப்பும் செய்யுங்கள்.

வேலைக்கு வந்த பிறகு நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை மேற்பார்வை. ஒவ்வொரு களப்பணியாளரோடும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் தனியாக உட்காருங்கள். போனை வெளியே வையுங்கள். எண்ணிக்கை கேட்க அது நேரம் இல்லை. நான் மூன்று கேள்வி கேட்பேன்: எந்தப் பிள்ளையை நினைத்தால் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை? எந்த வீட்டுக்குப் போவதைத் தள்ளிப் போடுகிறீர்கள்? நான் கோபப்படுவேன் என்று எதைச் சொல்லாமல் இருக்கிறீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு முதல் சில மாதம் “ஒண்ணுமில்லக்கா” என்றுதான் பதில் வந்தது. ஒரு நாள் ஒருவர், குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயந்து ஒரு வீட்டுக்கு இரண்டு மாதமாகப் போகாமலேயே போனதாக எழுதிவருவதைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, அடுத்த நாள் நானும் அவரும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போனோம். பொய் எழுதியதைப் பற்றி அப்புறம் தனியாகப் பேசினேன். அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் முதலில் வீடு. அந்த வாரம் நான் கத்தியிருந்தால் எங்கள் நிறுவனத்தில் யாரும் மறுபடி வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலையில் மனம் களைத்துப் போகும். ஒரு பிள்ளையின் மரணமோ கொடுமையோ வந்து போன வாரத்தில், அந்தப் பணியாளருக்கு விடுப்பு கொடுங்கள். கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

ஆறாம் படி: கேஸ் ஃபைல்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. முதல் பக்கத்தில் இந்தப் பிள்ளைக்கு நாம் எதற்காக, எதுவரை துணை நிற்கிறோம் என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்பும் தேதியோடு. பார்த்தது வேறு, நினைத்தது வேறு. இரண்டையும் கலக்காமல் எழுதப் பழக்குங்கள். “அம்மா பொறுப்பில்லாதவர்” என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, “மாலை ஆறு மணிக்கு அம்மா வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டபோது இறால் கம்பெனி வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்” என்று எழுதச் சொல்லுங்கள். பூட்டிய அலமாரி, இரண்டு பேரிடம் மட்டும் சாவி. மாதம் ஐந்து கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து நீங்களே முழுதாகப் படியுங்கள்.

ஏழாம் படி: பணம்

காசோலையில் இருவர் கையெழுத்து. பணம் கேட்பவர், ஒப்புதல் தருபவர், கணக்கு எழுதுபவர் மூவரும் வேறு வேறு ஆள். சிறு நிறுவனத்தில் இது முடியாவிட்டால், குழுவின் பொருளாளர் மாதம் ஒரு முறை வவுச்சர் கட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொன்றுக்கு “சும்மா ஒரு வாரத்துக்கு” மாற்றாதீர்கள். பெரும்பாலான கணக்குச் சிக்கல்கள் அந்த ஒரு வாரத்தில்தான் தொடங்குகின்றன.

பழைய வருமான வரிச் சட்டத்தில் 12ஏ (நிறுவனத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) எனப்பட்ட பதிவுகளை உரிய காலத்தில் புதுப்பியுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், பழைய பிரிவு எண்களைப் போட்டு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டுமானால் எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் முடியாது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிய வேண்டும்.

மூன்று மாதச் சம்பளத்தைக் கையிருப்பாகச் சேர்த்து வையுங்கள். ஒரு நிதியாளர் நிறுத்தினால் அடுத்த மாதமே பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாது.

எட்டாம் படி: அரசு அலுவலகங்கள், புதுச்சேரி எல்லை

தனியாக ஒரு குழந்தை கிடைத்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவுக்குத்தான் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம். நமக்கு இல்லை. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு, பிரச்சினை இல்லாத மாதத்திலும் ஒரு முறை போய் வாருங்கள். அவசரத்தில் முதல் முறையாகப் பார்க்கும் முகத்துக்கும் தெரிந்த முகத்துக்கும் வித்தியாசம் உண்டு.

நம் ஊருக்கே உரிய சிக்கல் எல்லை. ஆல்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கன்னியக்கோவில் புதுச்சேரி. பாகூர் பக்கம் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் ஒரு அரசு. குடும்பம் இங்கே, அப்பாவின் வேலை அங்கே, பிள்ளை பாட்டி வீட்டில் நின்று அங்கே படிக்கும். ரேஷன் அட்டை ஒரு அரசுடையது, பள்ளி இன்னொன்றுடையது. “அது எங்க எல்லை இல்லைங்க” என்று இரண்டு பக்கமும் சொல்லும்போது நடுவில் நிற்பது ஒரு குழந்தை. இரண்டு பக்கக் குழந்தைகள் நலக் குழுக்கள், காவல் நிலையங்களின் எண்களையும் ஒரே தாளில் வைத்திருங்கள். குழந்தை கிடைத்த இடத்துக் குழுவிடம் முதலில் நிறுத்துங்கள். ஊர் எது என்பதை அவர்கள் தீர்மானித்து மாற்றுவார்கள்.

ஒன்பதாம் படி: புயல் வரும் முன்

2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளமும். இந்த மாவட்டத்தில் பேரிடரை எதிர்பாராதது என்று திட்ட அறிக்கையில் எழுத முடியாது. செப்டம்பரிலேயே கோப்புகளின் நகலை மேடான இடத்துக்கு மாற்றுங்கள். எந்தக் குடும்பம் எந்த முகாமுக்குப் போகும் என்ற பட்டியலைத் தாளில் வையுங்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் உதவாது. நிவாரணம் கொடுக்கும் நாட்களில் புது முகங்கள் நிறைய வருவார்கள். சுனாமி முடிந்த வாரங்களில் “இந்தப் பிள்ளையை நான் வளர்க்கிறேன்” என்று வண்டியில் வந்து கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். பெயர், முகவரி எழுதாமல் எந்தப் பிள்ளையையும் யாரோடும் அனுப்பாதீர்கள், அத்தையே வந்து கேட்டாலும்.

பத்தாம் படி: நீங்கள் இல்லாத பத்து நாள்

வருடத்தில் ஒரு முறை பத்து நாள் முழுதாக விலகுங்கள். போனை அணைத்துவிடுங்கள். அவசர முடிவுக்கு யார், இரண்டாவது ஆள் யார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் எது நன்றாக நடந்தது என்று கேட்காதீர்கள். உங்களுக்காக எது எது காத்திருந்தது என்று கேளுங்கள்.

நான் முதல் முறை அப்படிப் போய் வந்தபோது மூன்று விஷயம் காத்திருந்தன. ஒரு பையனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கான காசோலை. ஒரு பெண்ணைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பலாமா என்று குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுத வேண்டிய கடிதம். இரவில் இல்லத்துக் கதவைத் தட்டிய ஒரு தாய்க்குத் தங்க இடம் கொடுப்பதா என்ற கேள்வி. அந்தத் தாயைப் பணியாளர்கள் உள்ளே விடப் பயந்து, வராந்தாவில் படுக்க வைத்திருந்தார்கள், கைக்குழந்தையோடு. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்றையும் தீர்மானமாகப் போட்டோம். அவசர மருத்துவத்துக்கு மேற்பார்வையாளரே பணம் எடுக்கலாம். கடிதத்தை கேஸ் பார்ப்பவரே எழுதலாம். இரவில் வரும் தாய்க்கும் குழந்தைக்கும் கதவைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்; விடிந்ததும் தகவல் சொன்னால் போதும்.